பாட்டுக்கு வந்த படகுகள்

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களே கேட்டுக்கொண்டார்கள். திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் என்ற அளவுக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் வாய் திறந்தால் அக்கம்பக்கத்து ஊர்கள் தங்களை ஆயுசுக்கும் கிண்டல் செய்யும் என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். கிண்டலுக்குக் காரணமான ஆள் நான்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்லூரி மாணவர்கள் மத்தியில் ஊழியம் செய்கிறேன். அப்படியென்றால் என்ன என்று உறவுக்காரக் கல்யாணங்களில் கேட்பார்கள். பைபிள் படிப்போம், பாடுவோம், ஜெபிப்போம் என்பேன். “அது சரி, வேலை என்ன?” என்பார்கள். அரியர் வைத்தவன் அழுதால் பக்கத்தில் உட்காருவது, காதலில் தோற்றவளுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுப்பது, ஹாஸ்டல் வார்டனிடம் பல்லைக் காட்டுவது, இவையெல்லாம் வேலை. இதற்குக் கிடைக்கும் பதவி ‘அக்கா’. எங்கள் ஐக்கியத்தில் ஊழியர் எல்லாரும் அண்ணன் அல்லது அக்கா. ஆன்ட்டி என்று கூப்பிடுவது பாவம். எனக்கு ஐம்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் என் கூட்டத்துக்கு வந்த பெண்ணின் மகன் இப்போது என் கூட்டத்துக்கு வருகிறான். அம்மாவுக்கும் நான் அக்கா, மகனுக்கும் நான் அக்கா. இந்த ஊழியத்தின் தலையாய சந்தோஷம் இதுதான் என்று நான் சொன்னால் எங்கள் மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஜெனி. எங்கள் ஐக்கியத்தில் இரண்டாம் ஆண்டு முடித்த மாணவி, மீனவர் வீட்டுப் பெண், நல்ல குரல். விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் ஒருநாள் போனில் அழுதாள்.

“அக்கா, அய்யா என்னையத் திருப்பி அனுப்ப மாட்டாராம்.”

அய்யா என்றால் அவள் அப்பா, சவரிமுத்து. ஹாஸ்டலில் ஜெபக் கூட்டம் நடக்கிறது, அக்கா என்று ஒருத்தர் வருகிறார் என்று இவள் வாயை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். ‘அந்த அக்கா யாரு? நான் நேருல பாக்கணும். பாத்துட்டுத்தான் அனுப்புறதா வேணாமான்னு சொல்லுவேன்’ என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். கடைசி வருடத்தில் கல்லூரி மாறுவது நடக்கிற காரியமில்லை. அவர் வேண்டாம் என்றால் ஜெனியின் படிப்பு அதோடு நின்றது.

ஆக, ஐம்பத்து நாலு வயதில் என்னைப் பெண் பார்க்க அழைப்பு வந்தது. துணைக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டேன். கெவின், கிடார் வாசிப்பவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். பிரிசில்லா, எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாகப் பாட ஆரம்பிப்பவள். தினேஷ், பொள்ளாச்சிக்காரன், சமோசாவுக்காக எங்கள் கூட்டத்துக்குள் நுழைந்து பாட்டுக்காக நின்றுவிட்டவன். வீட்டில் மாசாணியம்மனைக் கும்பிடுவான், எங்களோடு தாளம் போடுவான். இரண்டிலும் குறை வைக்க மாட்டான்.

சனிக்கிழமை ராமநாதபுரத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். கிடார்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்த கண்டக்டர், “உள்ள என்ன, மீனா?” என்றார். கிடார் என்றதும் ஏமாந்துபோய் நகர்ந்தார். இருபுறமும் சீமைக்கருவேலம் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் இடத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஜனங்கள் டிரைவரோடு சண்டைக்குப் போவார்கள். இங்கே ஒருவரும் கோபப்படவில்லை. இறங்கி, கருவேல நிழலில் குந்தி, கொண்டுவந்த நொங்கைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். கெவின் நொங்கை நகத்தால் நோண்டப் போய் அது கண்ணிலேயே பீய்ச்சியடித்தது.

அந்த வழியாக மீன் ஏற்றப் போகும் குட்டியானை வண்டி ஒன்று வந்தது. கையைக் காட்டினோம், நின்றது. பின்னால் காலி ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டோம். காலி என்றது மீனைப் பொறுத்தவரைதான். வாசம் நிரம்பவே இருந்தது. என் வெளிர்நீலக் காட்டன் சேலை, இன்றைக்கு நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது, பாதி வழியில் உயிரை விட்டது.

வீட்டு வாசலில் சவரிமுத்து வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்து, அதன் மேல் பூப்போட்ட துண்டு விரித்திருந்தார்கள். நான் ஐஸ் பெட்டியிலிருந்து குதித்ததை அவர் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்றும் பார்த்தார்.

“சிஸ்டர் வரலையா?”

“ஏனுங்க, எந்த சிஸ்டருங்க?”

“எங்க பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் குடுக்குறவுக.”

“அது நான்தானுங்க.”

அவர் என் சேலையைப் பார்த்தார், என் தலைமேல் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தார். வெள்ளை அங்கியும் ஜெபமாலையுமாக ஒரு கன்னியாஸ்திரி வருவார் என்று ஊரே காத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். பெண்ணை மடத்தில் சேர்க்க யாரோ ஆள் பிடிக்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். வந்தது கன்னியாஸ்திரி இல்லை என்றதும் சந்தேகம் தீரவில்லை, இரண்டு மடங்கானது. பூப்போட்ட துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “உக்காருங்க” என்றார். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஜெனியின் அம்மா பாக்கியத்துக்கு அந்தத் தயக்கம் ஏதுமில்லை. “வாங்கக்கா, கைகால் கழுவுங்க” என்று தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்த தினேஷ், உப்புக் கரித்ததில் முகத்தை அஷ்டகோணலாக்கினான். அவன் வாயில் சனி. “எங்கூர்ல தண்ணி இளநீராட்டம் இருக்குமுங்க” என்றான்.

“அப்புடியா தம்பி? மீனு?”

“மீனு இங்கிருந்துதான் வருமுங்க. ஐஸ் பொட்டில.”

“எத்தன நாளாகும்?”

“தெரியலீங்க.”

பாக்கியம் அவனைத் தாயில்லாப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவன் தட்டில் மட்டும் இரண்டு விளமீன் துண்டு கூடுதலாக விழுந்தது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது எங்கள் வழக்கம். வெறும் ஜெபமில்லை, ஒரு பாட்டு, அதன் பிறகு ஜெபம். பிரிசில்லா கண்ணை மூடினால் உலக நாடுகள் அனைத்துக்கும் ஆசீர்வாதம் கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். அன்றைக்கு அவள் சமைத்த கைகளுக்கு வந்துசேரும்போதே பக்கத்தில் ஏதோ சரசரத்தது. ஆமென் சொல்லிக் கண் திறந்தோம். கெவின் தட்டில் சோறு இருந்தது, மீன் இல்லை. வாசலில் ஒரு சாம்பல் பூனை நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

“எங்க ஊருல ஒரு கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணணும்” என்றார் பாக்கியம். சவரிமுத்து சிரிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஜெனி குழம்பு ஊற்றும் சாக்கில் என் காதருகே குனிந்து, “அக்கா, நாளைக்காவது ஒழுங்கா இருங்க” என்றாள்.

ஞாயிறு காலை இட்லிக்கு மீன்குழம்பு. கோயம்புத்தூரில் இதைச் சொன்னால் வைத்தியரிடம் கூட்டிப் போவார்கள். நான் எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்று சொல்லப் போவதில்லை. பிறகு அந்தோணியார் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள், எங்களுக்கு அங்கே எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாது. ஊர் முழுக்க முழங்காலிட்டபோது நாங்கள் நின்றோம், நாங்கள் முழங்காலிட்டபோது ஊர் எழுந்துவிட்டது. முன்வரிசையில் சவரிமுத்துவின் பிடரி சிவந்ததை நான் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் ஜெனி சமையலுக்கு உதவப் போய்விட்டாள். சவரிமுத்துவின் தம்பி அமலதாஸ் எங்களைக் கடல் காட்டக் கூப்பிட்டார். அண்ணனுக்கு நேர் எதிர், வாயெல்லாம் பல். “கடலுல கால வைக்காமப் போனா ஊருக்குல்ல அவமானம்” என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. பேரூர் குளத்தைத் தாண்டி பெரிய தண்ணீரோடு பழக்கமும் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் முரண்டு பிடிக்கலாமா? ஏறிவிட்டேன்.

பைபர் வள்ளம் கரையை விட்டு வெகுதூரம் போனது. கோயில் கோபுரச் சிலுவை தீக்குச்சி அளவுக்கு வந்ததும் அமலதாஸ் இஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார். அலையே இல்லாத கடல். தினேஷ் கையை நனைத்து வாயில் வைத்துப் பார்த்து, “வீட்டுத் தண்ணியே தேவலைங்க்கா” என்றான். திரும்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தால் அது வரவில்லை. அடியில் பாறையில் சிக்கிக்கொண்டது.

“ஞாயித்துக்கெழமைன்னா நங்கூரத்துக்கும் லீவுதான். இருங்க, எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி, கடல் பார்த்த பக்கமாகக் குதித்துவிட்டார்.

அவர் தலை மறைந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. படகில் நாங்கள் நாலு பேர், ஒருவருக்கும் இஞ்சினில் எதைத் திருப்ப வேண்டும் என்று தெரியாது. அவர் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினார். முங்கினவர் வர ஒவ்வொரு தடவையும் ரொம்ப நேரம் ஆவதாக எனக்குத் தோன்றியது. நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பிரிசில்லா பார்த்துவிட்டாள்.

“பயமா இருந்தா பாடலாம்க்கா.”

எங்கள் ஐக்கியத்தில் ஓர் ஆக்‌ஷன் பாட்டு உண்டு. எங்கள் பிள்ளைகளே கட்டிய பாட்டு. உள்ளத்தில் சந்தோஷம் தளும்புகிறது என்று பொருள் வரும். முதல் வரிக்கு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இரண்டாவது வரிக்குக் கையில் கிடைக்கிற துணியைச் சுழற்ற வேண்டும். மூன்றாவது வரிக்குக் குதிக்க வேண்டும். கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள் மட்டுமே இப்படியொரு பாட்டைக் கட்ட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதையும் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பாடினோம். கெவின் கைக்குட்டையைச் சுழற்றினான், தினேஷ் அமலதாஸின் சிவப்புச் சட்டையைச் சுழற்றினான், நான் முந்தானையை. குதிக்கவும் செய்தோம், படகு ஆடியதால் கொஞ்சமாக. பாடப்பாட பயம் குறைந்தது. இரண்டாம் சுற்றில் கரையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது.

“அக்கா, கோயில் மணி! நம்ம பாட்டுக்கு மணி அடிக்கறாங்க!” என்றான் கெவின்.

பார்த்தால் கரையில் கூட்டம். ஒரு படகு கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் வரிசையாக எல்லாம். இஞ்சின் சத்தம் முழங்க எங்களை நோக்கி வந்தன. படகு நிறைய வெள்ளைச் சட்டைக்காரர்கள், பூசைக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல். நான் இத்தனை வருடமாகக் கல்லூரி வாசல்களில் பாடியிருக்கிறேன். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு கேன்டீனுக்குப் போவார்கள். ஒரு பாட்டுக்கு ஊரே திரண்டு வருவது என் ஊழியத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குப் புல்லரித்தது. “நல்லாச் சத்தமாப் பாடுங்க!” என்று பிள்ளைகளை உற்சாகப்படுத்தினேன். இன்னும் வேகமாகத் துணியைச் சுழற்றினோம். நாங்கள் சுழற்றச் சுழற்ற அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள்.

முன்னால் வந்த படகில் சவரிமுத்து நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. படகு கிட்ட வருவதற்குள்ளேயே, வேட்டி சட்டை, கைக்கடிகாரம், சட்டைப் பையில் செல்போன் எல்லாவற்றோடும் கடலில் குதித்தார். தண்ணீரில் விழுந்த வேகத்தில், “ஏலே அமலா! அமலா!” என்று கத்தினார்.

எங்கள் படகின் மறுபக்கத்தில் இருந்து நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அமலதாஸின் தலை மேலே வந்தது.

“என்னண்ணே? எதுக்கு எல்லாரும் வந்திருக்கீக?”

சவரிமுத்து நீந்திப் போய்த் தம்பியைக் கட்டிப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு ஓங்கி ஓர் அறை கொடுத்தார். பிறகு மறுபடியும் கட்டிப் பிடித்தார். நடுக்கடலில் கையை ஆட்டித் துணியைச் சுழற்றினால் ஆபத்து, ஆள் போய்விட்டான், ஓடி வாருங்கள் என்று அர்த்தமாம். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் படகோட்டியைக் காணவில்லை, அசலூர்க்காரர்கள் நாலு பேர் குதித்துக் குதித்துக் கத்துகிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

“பாட்டுங்க...” என்றாள் பிரிசில்லா மெல்ல. கையில் முந்தானையோடு நான் நின்றேன். எங்களைச் சுற்றி நின்ற எல்லாப் படகுகளும் இஞ்சினை நிறுத்திவிட்டன. சவரிமுத்து நனைந்த மீசையோடு எங்களை ஏறிட்டுப் பார்த்தார். “கரைக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

கரையில் அமலதாஸின் மனைவி மணலில் விழுந்து அழுது முடித்திருந்தார். ஜெனி தலையில் கை வைத்து நின்றிருந்தாள். அது பாட்டு, ஆக்‌ஷன் பாட்டு என்று தொண்டை கிழியக் கத்தினாளாம். மணிச்சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. ‘போச்சுக்கா’ என்று உதடு மட்டும் அசைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்ற வந்தவள் கடலில் கூத்தடித்துக் கெடுத்துவிட்டேனே என்று ஆற்றாமையாக இருந்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். “பாட்டுன்னா சொல்லுறீக?”

“ஆமாங்க. மன்னிச்சுக்கங்க.”

“எங்க எல்லாரையும் ஓட விட்ட பாட்டு எப்படித்தான் இருக்குன்னு நாங்க பாக்க வேணாமா? சாயங்காலம் கோயில் முன்னாடி பாடணும். ஆட்டத்தோட.”

அதுதான் எங்களுக்கு ஊர் விதித்த தண்டனை. சாயங்காலம் ஊர் முழுக்க மணலில் உட்கார, கெவின் கிடார் மீட்ட, நாங்கள் பாடினோம். கையை ஆட்டினேன், முந்தானையைச் சுழற்றினேன், மூட்டு வலியோடு குதித்தேன். நான் குதித்த ஒவ்வொரு தடவையும் விசில் பறந்தது. ஊர் மூன்றாம் தடவை பாடச் சொன்னபோது அமலதாஸும் எழுந்து ஆடினார். முடிவில் பெரியவர், “நல்லாத்தான் இருக்கு. கரையில எம்புட்டு வேணும்னாலும் பாடுங்க. கடலுல பாடக் கூடாது” என்று தீர்ப்புச் சொன்னார். சவரிமுத்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நண்டு வறுவல். நாங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சுருக்கமாக ஜெபித்தோம். சவரிமுத்து என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“பயந்துதான பாடுனீக?”

“ஆமாங்க. ரொம்பப் பயமா இருந்துச்சுங்க.”

“ம்.” நண்டின் காலை ஒடித்தார், சாப்பிடாமல் கீழே வைத்தார். “இங்கன கைய ஆட்டுனா ஊரே வந்துரும். பூசை உடுப்போட வந்துரும். எம்பிள்ள கோயம்புத்தூர்ல கைய ஆட்டுனா யாரு வருவா?”

மடம், ஜெபக் கூட்டம் என்று அவர் சுற்றிச் சுற்றிச் சந்தேகப்பட்டதெல்லாம் இதற்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கெவினால் யோசிக்க முடியாது.

“நாங்க வருவோம் அங்கிள். டெங்கு வந்தப்ப வந்தோமே!”

ஜெனி குழம்புக் கரண்டியைக் கீழே போட்டாள். பாக்கியம், “டெங்கா?” என்று எழுந்துவிட்டார். வீட்டில் பயப்படுவார்கள் என்று ஜெனி அதை மறைத்திருந்தாள். ‘லேசா சளி’ என்று போனில் சொன்ன வாரம் அது.

“எத்தன நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா?” சவரிமுத்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். ஆஸ்பத்திரியில் பிரிசில்லா அவள் கட்டிலருகே தரையில் படுத்தாள். தினேஷ் பொள்ளாச்சியிலிருந்து இளநீர்க் குலையைத் தோளில் சுமந்து வந்தான். நான் நிலவேம்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்துப் புகட்டினேன். கெவின் வார்டுக்குள் கிடாரோடு நுழைந்து பாடி, நர்ஸ் துரத்தியதில் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

“இந்தப் பாட்டா?”

“ஆமா அங்கிள். ஆனா குதிக்கல. பக்கத்து பெட்ல ஊசி போட்டுட்டிருந்தாங்க.”

சவரிமுத்துவின் மீசை துடித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். ஜெனி மட்டும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். “சொல்லியிருக்கணும்ல ஆத்தா” என்று அவர் சொன்னது கேட்டது. அவள் வருகிறாளா இல்லையா என்பதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

திங்கள் காலை நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் ஜெனியின் பெட்டி இருந்தது. அதன் மேல் கருவாட்டுப் பொட்டலம், அதன் மேல் பூப்போட்ட துண்டு மடித்து வைத்திருந்தது. சவரிமுத்து பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, “துண்டு உங்களுக்குத்தான், அக்கா. சேலை வீணாப் போச்சுல்ல” என்றார். அக்கா என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டில் துடைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் ஜெனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் நின்ற சவரிமுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஊர்க்காரர்கள் யாரும் இல்லை. சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இடமும் வலமும் ஆட்டினார்.

டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: “ஓடியாங்கய்யா, ஓடியாங்க! சீக்கிரம் ஏறுங்க!”

“நான் வரலப்பா,” என்றார் சவரிமுத்து, கையைக் கீழே இறக்காமலே. “பாட்டு. நீ போ.”

“பாட்டா?” என்று கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஜெனி எழுந்து இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை உள்ளே எடு, கையை உள்ளே எடு என்று கண்டக்டர் கத்தினார். வளைவு வரும்வரை அவள் எடுக்கவில்லை.